ஒரே வளவு, தனித்தனி அடுப்பு: கண்டனூர் மைதானப் பிரகடனம்

2022 செப்டம்பர் 18. கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் டூரண்ட் கோப்பை இறுதிப் போட்டி. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பெங்களூரு எஃப்.சி.யின் நீலச் சட்டையில் ஓடிய சிவசக்தி நாராயணன், மும்பை சிட்டியின் வலைக்குள் பந்தைச் சேர்த்தார். 2-1 என்று ஆட்டம் முடிந்து கோப்பை பெங்களூருக்குப் போனது. அந்தக் கோலைப் போட்டவர் எங்கள் சிவகங்கை மாவட்டத்துக் கண்டனூர்க்காரர். அந்த சீசன் முடிந்தபோது ஐ.எஸ்.எல்.லின் சிறந்த வளரும் வீரர் விருதும் அவருக்கே வந்தது. ஒரு செல்போனைச் சுற்றி ஏழெட்டுத் தலைகள் முட்டிக்கொள்ள அந்தக் கோலைப் பார்த்தவர்கள்தான் இதை எழுதுகிறோம்.

அவர் கோல் போட்ட மைதானத்தின் கதையைச் சொல்லாமல் எங்கள் கோரிக்கையைச் சொல்ல முடியாது. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் நூறு ஆண்டாக ஒன்றுக்கொன்று ஆகாத அணிகள். மேற்கு வங்கத்துப் பூர்வீகக்காரர் ஒரு பக்கம், கிழக்கிலிருந்து பெயர்ந்து வந்தவர் மறுபக்கம் என்று தொடங்கிய பகை, வெற்றி நாளன்று ஒரு வீட்டில் இறால், இன்னொரு வீட்டில் ஹில்சா மீன் என்று அடுப்படி வரை போயிருக்கிறது. நகரத்தின் நடுவே இருக்கும் மைதான் வெளியில் இரண்டுக்கும் தனித்தனிக் கூடாரம் உண்டு, தனித்தனிக் களம் உண்டு. ஆனால் பெரிய மோதல் என்றால் இருவரும் சால்ட் லேக்குக்குத்தான் வருவார்கள். அது மாநில அரசின் மைதானம், 1984இல் திறந்தது. 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் அங்கே இந்த இரண்டு அணிகளும் மோதியபோது வந்தவர்கள் 1,31,781 பேர். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. இந்தியாவில் ஒரு கால்பந்து ஆட்டத்துக்கு அதற்கு மேல் கூட்டம் கூடியதே இல்லை.

அத்தனை பேரை வரவழைத்தது அந்தப் பகைதான். அதை உட்காரவைக்க ஒரு பொது இடம் இருந்தது. அவரவர் வேலிக்குள் அவரவர் ஆடிக்கொண்டிருந்தால் அந்தக் கூட்டத்தில் பாதிகூட வந்திருக்காது.

இனி எங்கள் ஊர்ப் பக்கம். இங்கே பொங்கல், கோடை விடுமுறை என்றால் எழுவர் கால்பந்துப் போட்டி நடக்கும். ஃபிளெக்ஸ் கட்டுவார்கள், சுழற்கோப்பை வைப்பார்கள், மைக் செட் வரும். எங்கள் சுற்றுவட்டாரத்தில் இரண்டு அணிகளுக்குள் ஆகாமல் போனது. காரணம் ஒரு பெனால்டி. அதற்கு மேல் இங்கே எழுத விரும்பவில்லை. பெயரையும் சொல்ல மாட்டோம், ஏனென்றால் இதில் கையெழுத்துப் போடுகிறவர்களில் இரண்டு அணிக்காரர்களும் இருக்கிறார்கள். ஒரே நாளில், ஒரே நேரத்தில், வேறு வேறு பொட்டலில் இரண்டு போட்டி வைத்தார்கள். ஒரு பொட்டலில் நின்றால் அடுத்த பொட்டலின் மைக் காதில் விழும். வர்ணனை செய்கிறவர் "ரசிகப் பெருமக்களே" என்று கூப்பிடுகிறார். எதிரே நாலு சைக்கிள், வேப்பமர நிழலில் தலையில் துண்டு போட்ட இரண்டு பெரியவர்கள், ஐஸ் வண்டிக்காரர். ஐஸ் வண்டிக்காரரும் கொஞ்ச நேரத்தில் அடுத்த பொட்டலுக்குப் போய்விட்டார். அங்கேயும் அதே கதைதான் என்று சாயங்காலம் சொன்னார்.

அன்றைக்கு எங்களில் ஒருவர் கோல் கம்பத்தில் சாய்ந்து நின்று அழுதார். தோற்றதற்காக இல்லை. அவர் ஜெயித்திருந்தார். பார்க்க ஆள் இல்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இது: எங்கள் பகுதியின் எல்லா அணிக்கும் சேர்த்து ஒரே மைதானம். எந்த அணியின் பெயரிலும் இல்லாமல் ஊரின் பெயரில் இருக்க வேண்டும்.

"நமக்கென்று சொந்தமாக ஒரு கிரவுண்டு வேண்டாமா, போயும் போயும் அவனோடு பங்கு போட்டுக்கொள்வதா" என்று கேட்கிறவர்களின் மனசு எங்களுக்குத் தெரியும். நேற்று வரை நாங்களும் அப்படித்தான் பேசினோம். அவர்களுக்குச் சொல்ல ஊருக்குள்ளேயே ஒரு பதில் இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் "வேறு வைப்பது" என்று ஒரு வழக்கம். வீட்டை விட்டு அனுப்புவதில்லை. அதே கூரைக்குக் கீழே, வளவு என்கிற அதே நடு முற்றத்தைச் சுற்றி அவனுக்கென்று ஓர் அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. முகப்பு பொது, திண்ணை பொது, வளவு பொது. நல்லது கெட்டது எல்லாம் அந்தப் பொது இடத்தில்தான். அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை இல்லாத வீட்டில்கூட விசேஷம் என்றால் எல்லாரும் ஒரே வளவில்தான் நிற்பார்கள். அரண்மனை போன்ற அந்த வீடுகள் இவ்வளவு காலம் பங்காளிகளுக்குள் உடையாமல் நின்றதில் இந்த ஏற்பாட்டுக்குப் பங்கு உண்டு. அணிக்கு அணி தனி அடுப்பு இருக்கட்டும். பயிற்சி எங்கே வேண்டுமானாலும் எடுங்கள், சட்டை எந்த நிறமானாலும் போடுங்கள். மோதும்போது வளவுக்கு வாருங்கள்.

இத்தாலியின் மிலான் நகரத்தில் நடப்பதும் இதுதான். சான் சிரோ மைதானம் 1926இல் ஏசி மிலானுக்காகக் கட்டப்பட்டது. 1947இலிருந்து பரம எதிரியான இன்டர் மிலானும் அங்கேயே ஆடுகிறது. ஐரோப்பியக் கோப்பைகளை இருவருமே வாங்கிக் குவித்திருக்கிறார்கள். மைதானத்தைப் பங்கு போட்டதால் யாருடைய ரோசமும் குறையவில்லை. 2025இல் இரண்டு கிளப்புகளும் சேர்ந்து அந்த மைதானத்தை மாநகராட்சியிடமிருந்து விலைக்கு வாங்கியிருக்கின்றன, பக்கத்திலேயே புதிதாக ஒன்றைக் கட்டி அதையும் பகிர்ந்துகொள்ளப் போகின்றன.

பகிர்ந்து கெட்ட கதையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஜெர்மனியின் மியூனிக்கில் பேயர்ன் அணியும் 1860 மியூனிக் அணியும் பாதிப் பாதிப் பங்கோடு கட்டிய அலியான்ஸ் அரீனா 2005இல் திறந்தது. அடுத்த ஆண்டே பணமுடையில் 1860 அணி தன் பங்கைப் பேயர்னிடம் விற்றது. பங்காளி வாடகைக்காரன் ஆனான். 2017இல் அந்த அணி அங்கிருந்து வெளியேறி தன் பழைய சிறிய மைதானத்துக்கே போய்விட்டது. ஒருவன் வீட்டுக்காரன், இன்னொருவன் குடித்தனக்காரன் என்றால் அது பகிர்வு ஆகாது. இதனால்தான் மைதானம் ஊர்ப் பொதுவில் இருக்க வேண்டும், எந்த அணியும் தன் பங்கை விற்கவோ வாங்கவோ முடியாது என்று முதல் விதியாக எழுதுகிறோம். செட்டிநாட்டுக் கோயில் கணக்கில் ஒரு குடும்பம் ஒரு புள்ளி என்பார்கள். லட்சாதிபதிக்கும் ஒரு புள்ளி, கணக்குப்பிள்ளை வேலை பார்த்தவருக்கும் ஒரு புள்ளி. இங்கே ஒரு அணி ஒரு புள்ளி. பெரிய ஸ்பான்சர் பிடித்த அணிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அணிக்கும் ஒரே புள்ளிதான்.

இன்னொரு கணக்கையும் தீர்க்க வேண்டும். 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் அதே மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தில் மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் செத்துப்போனார்கள். இரு தரப்பு ரசிகர்களும் கலந்து உட்கார்ந்த பகுதியில் ஆரம்பித்த கைகலப்பு அது. கொல்கத்தாவில் ஆண்டுதோறும் அந்த நாளில் ரத்ததானம் செய்து அவர்களை நினைக்கிறார்கள். நமக்கு அருகில், கேரளத்தின் மலப்புரத்தில் 2022 மார்ச் மாதம் செவன்ஸ் போட்டிக்காகக் கட்டிய தற்காலிக கேலரி சரிந்து ஏராளமானோர் காயம்பட்டார்கள். கூட்டம் வேண்டும் என்று கேட்கிறவர்கள் கூட்டத்தின் உயிருக்கும் பொறுப்பேற்க வேண்டும். எங்கள் மைதானத்தில் இரண்டு அணி ரசிகருக்கும் இரண்டு வாசல், உட்கார இரண்டு கரை. சவுக்குக் கம்பில் கயிறு கட்டி எழுப்பிய கேலரி ஒரு நாளும் கிடையாது. மண்ணை வெட்டிப் படி படியாகக் கரை போடுவோம். கண்மாய்க் கரை போடத் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இது பெரிய வேலை இல்லை.

பெண்களைப் பற்றி. எங்கள் பொட்டல்களில் பெண்கள் ஆட்டம் பார்க்க வருவதே இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய். ரோட்டோரம் ஸ்கூட்டியை நிறுத்தி, இறங்காமல், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், மகன் ஆடுவதை ஓர் ஆட்டம் முழுக்கப் பார்த்த அம்மாவை எங்களுக்குத் தெரியும். மகன் கோல் போட்டபோது ஹாரனை ஒரு தடவை அடித்தார், அவ்வளவுதான். உள்ளே வந்து உட்கார அவருக்கு ஒரு நிழல் இல்லை, கழிப்பறை இல்லை, குடிதண்ணீர் இல்லை. மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றார்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018லும் 2023லும் தேசிய சாம்பியன். இப்படிப்பட்ட மாநிலத்தில் ஓர் அம்மா ரோட்டில் நின்று பார்ப்பது எங்களுக்கு அவமானம். மைதானத்தில் முதலில் எழும்பும் கட்டடம் பெண்களுக்கான கழிப்பறையாகத்தான் இருக்கும். கோப்பை வைக்கும் மேடை பிறகு. வாரத்தில் பாதி நாள் மாலை நேரம் பெண்பிள்ளைகளின் பயிற்சிக்கு. இதில் பேரம் இல்லை.

கூட்டத்துக்குப் பயந்தவர்களும் இல்லை நாம். நம் சிவகங்கை மாவட்டத்து அரளிப்பாறையில் மாசி மகத்தன்று மஞ்சுவிரட்டு பார்த்தவர்களுக்குத் தெரியும்: பாறை முழுக்க மனிதத் தலை, பாறையே கேலரி. எந்தெந்த ஊர் மாடோ வரும். என் ஊர் மாடு என் பொட்டலில்தான் அவிழும் என்று யாரும் அடம் பிடிப்பதில்லை. பல ஊர் மாடும் ஓரிடத்தில் அவிழ்வதால்தான் பல ஊர்ச் சனமும் ஓரிடத்தில் கூடுகிறது. மாட்டுக்கு ஒப்புக்கொண்ட நியாயத்தைப் பந்துக்கு மறுப்பானேன்?

ரசிகருக்கும் ஒரு வார்த்தை. 2018 ஜூன் 1 அன்று மும்பையில் இந்திய அணி ஆடியபோது வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் கேப்டன் சுனில் சேத்ரி, மைதானத்துக்கு வாருங்கள், வந்து திட்டவாவது செய்யுங்கள் என்று கேட்டு ஒரு வீடியோ போட்டார். ஜூன் 4, கென்யாவோடு ஆட்டம், அவருக்கு 100ஆவது சர்வதேசப் போட்டி. ஒரு டிக்கெட் மிச்சமில்லை. ஒரு நாட்டுக் கேப்டன் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்ட பிறகுதான் வந்தோம் என்பது பெருமை இல்லை. கண்டனூரில் யாரும் கும்பிட வேண்டிய நிலை வரக்கூடாது. மாதத்துக்கு ஓர் ஆட்டமாவது பொட்டலுக்கு வந்து பார்ப்பேன், தோற்றாலும் கடைசி விசில் வரை இருப்பேன், நடுவரின் தாயைப் பழிக்க மாட்டேன்: இதில் சேருகிற ஒவ்வொருவரும் இந்த மூன்றையும் சொல்லித்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

உள்ளாட்சி நிர்வாகத்திடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் இடத்துக்காக மனுக் கொடுக்கப் போகிறோம். இரண்டு அணித் தலைவர்களும் ஒன்றாகப் போய்க் கொடுப்பார்கள். தனித்தனியாகப் போய்க் கேட்டால் "முதலில் உங்களுக்குள் பேசி வாருங்கள்" என்ற பதிலோடு திரும்ப வேண்டியதுதான். இரண்டு தரப்பும் அதைப் பட்டுப் பார்த்தாயிற்று. இயக்கத்துக்கு இப்போதைக்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் ஏதாவது ஒரு தெருவின் வாசனை அதில் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தோம்.

2024 ஆகஸ்ட் 18 அன்று கொல்கத்தாவில் நடக்க வேண்டிய மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டம் ரத்தானது. கொல்லப்பட்ட ஒரு பெண் மருத்துவருக்கு நீதி கேட்டு ஊரே தெருவில் நின்ற நேரம். ஆட்டம் இல்லாவிட்டாலும் இரண்டு அணி ரசிகர்களும், அவர்களோடு அந்த நகரத்தின் இன்னோர் அணியான முகமதன் ஸ்போர்ட்டிங்கின் ரசிகர்களும், அதே சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே தங்கள் தங்கள் சட்டையோடு சேர்ந்து நின்றார்கள். சேர்ந்து நிற்க ஓர் இடம் அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமாகியிருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பொட்டலில் கருவேலஞ்செடி வெட்டுகிறோம். அரிவாள், மண்வெட்டி இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். சுண்ணாம்பு நாங்கள் வாங்கி வைத்திருக்கிறோம். கோடு போட இரண்டு அணியிலிருந்தும் ஆளுக்கு ஒருவர் வேண்டும். உங்கள் அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டே வாருங்கள்.