ஸ்பகெட்டிக்கும் அளவுண்டு

பூச்சோங்கில் வீடெடுத்துத் தங்கிப் படிக்கும் நம் மாணவர்கள், அரிசியைக் குவளையால் அளந்து உலை வைக்கிறார்கள். ஸ்பகெட்டியை மட்டும் கைக்கு வந்தபடி சட்டியில் போடுகிறார்கள். உலர்ந்த ஸ்பகெட்டி வெந்ததும் எடை ஏறக்குறைய இருமடங்காகும். ஒருவருக்கு 100 கிராம் போதும். தராசு இல்லையா? 500 கிராம் பொட்டலத்தை ஐந்து சமகட்டுகளாகப் பிரியுங்கள். ஆளுக்கு ஒரு கட்டு.

கூடுதலாகச் சமைப்பதே விருந்தோம்பல் என்பார்கள் சிலர். வந்தவர் வயிறு நிறைவதுதான் விருந்தோம்பல், குப்பைத்தொட்டி நிறைவதன்று. 1995இல் திறக்கப்பட்ட பூச்சோங் ஆயர் ஈத்தாம் குப்பை நிலம் 2006இல் மூடப்பட்டது. இன்று நாம் கொட்டும் மிச்சத்தை வேறோர் ஊர் சுமக்கிறது. அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஆட்களை எண்ணுவோம்.