நட்சத்திரங்களும் நர்ஸிங் ஹோம்களும்

அமெரிக்கா தேசத்தில், பிறர் துணையின்றி நாளைக் கழிக்க இயலாத முதியோரை வைத்துப் பராமரிக்கும் நர்ஸிங் ஹோம்கள் சுமார் 15,000 இருக்கின்றன. அவற்றில் வசிப்போர் ஏறக்குறைய 12 லக்ஷம் பேர். இவ்விடுதிகளில் எது நல்லது, எது தீயது என்று பொதுஜனங்கள் கண்டுகொள்ளும் பொருட்டு, அத்தேசத்துச் சர்க்கார் 2008-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஓர் ஏற்பாடு செய்தனர். ஓட்டல்களுக்கு வழங்குவது போலவே, ஒவ்வொரு விடுதிக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள் அளிக்கப்படுகின்றன. சென்னையிலும் கோயமுத்தூரிலும் முதியோர் விடுதிகள் பெருகிவரும் இக்காலத்தில், கடல் கடந்து சென்ற பிள்ளைகள் தாய் தந்தையரை ஒப்படைக்க இடம் தேடித் தவிக்கும் இக்காலத்தில், இவ்வேற்பாட்டின் குணதோஷங்களை ஆராய்வது நம்மவர்க்குச் சம்பந்தமற்ற காரியமன்று.

நட்சத்திரங்கள் மூன்று விஷயங்களைக் கொண்டு கணக்கிடப்படுகின்றன. மாகாண இன்ஸ்பெக்டர்கள் முன்னறிவிப்பின்றி வந்து பார்த்து எழுதும் குறிப்பு ஒன்று. வேலையாட்களின் எண்ணிக்கை மற்றொன்று. படுக்கைப்புண், விழுந்து காயமுறுதல் முதலியவற்றின் கணக்கு மூன்றாவது. பார்வைக்கு நியாயமான ஏற்பாடுதான். ஆயினும் சாக்ஷியங்களை நிறுத்துப் பார்த்துப் பழகிய நமக்கு, முதலில் எழும் கேள்வி ஒன்றே: சாக்ஷி சொல்லுகிறவர் யார்?

மூன்றாவது கணக்கின் பெரும்பகுதியை எழுதிக் கொடுப்பவர்கள் விடுதிக்காரர்களே. தம் வழக்கில் தாமே சாக்ஷி. குறுக்கு விசாரணையும் இல்லை! இதன் பலன் எதிர்பார்க்கத்தக்கதே. சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், பலமாக விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் பில்களை விடுதிகள் எழுதிக் கொடுத்த கணக்குடன் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நூறு விபத்துக்களில் 57 அல்லது 58 மட்டுமே விடுதிக் கணக்கில் ஏறியிருந்தன. 2025-இல் சர்க்காரின் தணிக்கை இலாகாவும் நூற்றுக்கு 43 விபத்துக்கள் மறைக்கப்பட்டன என்றே கண்டது.

இதைவிடக் கொடியது மருந்து விஷயம். ஞாபகம் குன்றிய முதியோர் கூச்சலிட்டால், அருகில் ஓர் ஆள் உட்கார்ந்து சாந்தப்படுத்துவதற்குப் பதிலாக, சித்தப்பிரமைக்குரிய மருந்தைக் கொடுத்து அயர்த்திவிடுவது ஒரு வழக்கமாகியிருந்தது. இதைத் தடுக்க, அம்மருந்துகள் எத்தனை பேருக்குக் கொடுக்கப்படுகின்றன என்பதையும் மதிப்பெண்ணில் சேர்த்தனர். ஆனால் ஸ்கிஸோஃப்ரீனியா என்னும் மனோவியாதி உடையவர்களை அக்கணக்கிலிருந்து நீக்கிவிட விதி இடங்கொடுத்தது. நீக்கியது தகுதியே, விடுதிகள் அதைப் பயன்படுத்திய விதந்தான் தகாதது. 2021-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகை விசாரித்தபோது, நர்ஸிங் ஹோம் வாசிகளில் ஒன்பது பேருக்கு ஒருவர் அவ்வியாதியுடையவராகப் பதிவாகியிருந்தனர். பொதுஜனங்களிடையிலோ 150 பேருக்கு ஒருவருக்குத்தான் அது உண்டு. எண்பது வயதில் திடீரென்று இத்தனை பேருக்கு அவ்வியாதி எங்கிருந்து வந்தது? 2023-ஆம் ஆண்டில்தான் சர்க்கார் இப்பதிவுகளைத் தணிக்கை செய்யப் புறப்பட்டனர்.

இன்ஸ்பெக்டர்களின் குறிப்பு இவற்றினும் நம்பத்தக்கது. ஆயினும் அங்கும் ஒரு சூக்ஷ்மம் உண்டு. ஒரு மாகாணத்து விடுதிகளில் முதல் பத்துச் சதவிகிதத்துக்கு ஐந்து நட்சத்திரம், கடைசி இருபது சதவிகிதத்துக்கு ஒன்று என்று பங்கிடுகிறார்கள். எனவே, ஒரு மாகாணத்து விடுதிகள் யாவும் மட்டமாயிருந்தாலும், அவற்றுள்ளும் பத்தில் ஒன்று ஐந்து நட்சத்திரத்துடன் பிரகாசிக்கும். நட்சத்திரத்தை எண்ணுவதைவிட அக்குறிப்பையே வாங்கிப் படிப்பது மேல் என்பது நம் அபிப்பிராயம். உயிருக்கு உடனடி அபாயம் என்று எழுதப்பட்ட குற்றம் உண்டா, அதே குற்றம் மறு வருஷமும் காணப்பட்டதா என்று பார்த்தாலே விடுதியின் சுபாவம் தெரிந்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரிது ஆள்பலம். 1987-ஆம் ஆண்டுச் சட்டம், பதிவு பெற்ற நர்ஸ் ஒருவர் தினம் எட்டு மணி நேரம் இருக்கவேண்டும் என்றும், மற்றபடி ‘போதுமான’ ஆட்கள் வேண்டும் என்றும் சொல்லி நிறுத்திக்கொண்டது. ‘போதுமான’ என்ற சொல் கோர்ட்டில் எத்தனை தூரம் இழுபடும் என்பதை வக்கீல்கள் அறிவார்கள். 2001-இல் சர்க்காருக்காகச் செய்யப்பட்ட ஆராய்ச்சி, ஒருவருக்கு நாளொன்றுக்கு 4.1 மணி நேரப் பணிவிடை வேண்டும் என்று கண்டது. இருபத்து மூன்று வருஷம் கழித்து, 2024-இல், 3.48 மணி நேரம் என்று விதி பிறந்தது. அதில் பதிவு பெற்ற நர்ஸின் பங்கு 33 நிமிஷம். அதுவும் பிழைக்கவில்லை. ஆட்கள் கிடைக்கமாட்டார்கள், செலவு தாங்காது என்று விடுதிக்காரர்கள் வழக்காட, 2025-இல் டெக்ஸாஸ் மாகாணத்திலுள்ள கோர்ட்டார் அதன் முக்கிய ஷரத்துக்களை ரத்து செய்தனர். அதே ஆண்டில் காங்கிரஸ் சபையும் அதை 2034 வரை தள்ளிவைத்தது. ஆள் பஞ்சம் பொய்யன்று; குறைந்த கூலிக்கு அவ்வேலையை யார் செய்வார்? ஆனால் கூலியை உயர்த்துவோம் என்ற பேச்சு அவ்வழக்கில் நம் காதில் விழவில்லை.

ஒரு நன்மை மட்டும் நிலைத்திருக்கிறது. 2018 முதல் ஆள் கணக்கைச் சம்பளப் பட்டியலிலிருந்தே எடுக்கிறார்கள். 2022 முதல் சனி, ஞாயிறு நாட்களின் கணக்கையும் சேர்த்திருக்கிறார்கள். இது வெறும் கணக்கு விஷயமன்று. 2017 செப்டம்பரில் இர்மா புயல் வீசியபோது, ஃபுளோரிடா மாகாணத்து ஹாலிவுட் நகரில் ஒரு நர்ஸிங் ஹோமின் குளிர்சாதனம் நின்றுபோயிற்று. மூன்று நாள் உஷ்ணத்தில் வெந்து 12 முதியோர் மாண்டனர். வீதிக்கு எதிரே பெரிய ஆஸ்பத்திரி! அதன் பிறகே, 96 மணி நேரம் விடுதியைக் குளிர்ச்சியாக வைத்திருக்கத்தக்க ஜெனரேட்டர் வேண்டும் என்று அம்மாகாணத்தார் 2018-இல் சட்டம் செய்தனர். மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள், யார் தூக்கிச் செல்வார்கள் என்று விடுதிக்காரரைக் கேட்பதற்கு நாம் பன்னிரண்டு உயிர்கள் போகும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டம், ஜில்லாவுக்கு ஒன்றேனும், 150 ஏழை முதியோர் தங்கத்தக்க இல்லங்களை மாகாண சர்க்கார் ஏற்படுத்தலாம் என்கிறது. ஏற்படுத்தவேண்டும் என்று சொல்லவில்லை. ‘லாம்’ என்ற இரண்டெழுத்தில் எத்தனையோ கிழவர் கிழவியரின் கதி தொங்குகிறது. இடம் பார்க்கப் போகும் நேயர்கள், மானேஜர் குறித்த நேரத்தில் போகாமல், ஞாயிற்றுக்கிழமை இராப்போஜன வேளையில் போகட்டும். மணி அடித்தால் எத்தனை நிமிஷத்தில் ஆள் வருகிறது, ஊட்டிவிட வேண்டியவருக்கு ஊட்டுகிறார்களா, தட்டை வைத்துவிட்டுப் போகிறார்களா என்று பார்க்கட்டும்.

சர்க்காரை நாம் கேட்பது நட்சத்திரமன்று. ஒவ்வொரு முதியோர் விடுதியையும் சோதித்தவர்கள் எழுதிய அறிக்கையை, தமிழில், தேதியுடன், அவ்விடுதியின் வாசலிலேயே ஒட்டவேண்டும். சென்ற ஞாயிறு இரவு எத்தனை பேர் வேலையில் இருந்தனர் என்பதும் அதில் இருக்கவேண்டும். இதற்குப் புதிய இலாகா வேண்டாம். ஒரு உத்தரவும் கொஞ்சம் பசையும் போதும்.