கொசுறா வந்த குவார்ட்டர்பேக்!

ப்ராஜெக்ட்டுக்கு பேட்ச் பிரிக்கிற நாள் ஞாபகம் இருக்கா ஃப்ரெண்ட்ஸ்? நாலு நாலு பேரா எல்லாரும் முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டு கெத்தா நிப்பாங்க. கடைசியில ஒருத்தர் மட்டும் மிஞ்சி நிப்பார். ஹெச்.ஓ.டி. கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு, "ஏம்ப்பா, இவனையும் உங்க பேட்ச்லயே போட்டுக்கங்க"ம்பார். அப்போ அந்த நாலு பேர் மூஞ்சியைப் பார்க்கணுமே... ஒரு கிலோ கத்திரிக்கா வாங்கினவருக்கு சொத்தைக் கத்திரிக்காய் கொசுறா கிடைச்ச மாதிரி இருக்கும்!

அது சரி, அந்த மிஞ்சின பார்ட்டிக்கு எப்படி இருந்திருக்கும்?

இந்த வார மேட்டர் அதுதான். ஆனா நம்ம ஹீரோ கோடிக்கணக்கான டாலர் சம்பளம் வாங்கினவர். பேர் ஜாரெட் காஃப். அவரைக் கொசுறா வாங்கிக்கிட்ட ஊர், அமெரிக்காவுல இருக்கிற டெட்ராய்ட்.

'ஃபுட்பால்'னதும் மெஸ்ஸி, ரொனால்டோனு கிளம்பிடாதீங்க. இது அமெரிக்கன் ஃபுட்பால். பேர்தான் ஃபுட்பாலே தவிர, முக்கால்வாசி ஆட்டம் கையிலதான். முட்டை மாதிரி இருக்கிற பந்தைத் தூக்கி எறிஞ்சு, பிடிச்சவரைக் கட்டிப் புரண்டு கீழே சாய்க்கிற ஆட்டம். இதுல குவார்ட்டர்பேக்னு ஒருத்தர் இருப்பார். ஒவ்வொரு தடவையும் பந்து அவர் கைக்குத்தான் வரும். எதிர் டீம் தடியர்கள் பாய்ஞ்சு வர்றதுக்குள்ள, ரெண்டு மூணு செகண்டுல, யாருக்கு எறியறதுனு முடிவு பண்ணணும். டீம் ஜெயிச்சா அவருக்கு மாலை. தோத்தாலும் அவருக்குத்தான்... ஆனா வேற மாதிரி மாலை!

மொத்தம் 32 டீம். பிப்ரவரியில சூப்பர் பௌல்னு ஒரு ஃபைனல். அதோட செப்டம்பர் வரைக்கும் லீக் மேட்சே கிடையாது. ஆனா ரசிகர்களுக்கு அப்பதான் நிஜமான சீஸனே ஆரம்பம். யாரை வெச்சுக்கிறது, யாரை அனுப்புறது, யாரைக் கூட்டிட்டு வர்றதுனு வீடு, பார், ஆபீஸ்னு ஒரே சண்டை!

சண்டை புரியணும்னா ரெண்டு ரூல் தெரியணும். முதல் ரூல், டிராஃப்ட். ஏப்ரல் மாசம் காலேஜ் பசங்களை ஒவ்வொரு டீமும் வரிசையா தேர்ந்தெடுக்கும். போன சீஸன்ல கடைசி இடம் பிடிச்ச டீமுக்கு முதல் சான்ஸ், சாம்பியனுக்குக் கடைசி சான்ஸ். இந்த வரிசையில வர்ற இடத்துக்குப் பேர்தான் 'பிக்'. ஆளை மாதிரியே இந்த பிக்கையும் இன்னொரு டீமுக்குக் கைமாத்தலாம். அடுத்த வருஷத்து பிக், அதுக்கடுத்த வருஷத்து பிக் எல்லாத்தையும் இப்பவே வித்துடலாம்! ரெண்டாவது ரூல், சம்பள உச்சவரம்பு. 2021-ல ஒரு டீமுக்கு 18 கோடியே 25 லட்சம் டாலர். குவார்ட்டர்பேக்குக்கு அள்ளிக் கொடுத்தா, மத்தவங்களுக்குக் கிள்ளித்தான் கொடுக்கணும்.

இப்போ டெட்ராய்ட்டுக்குப் போவோம், வாங்க.

டெட்ராய்ட் லயன்ஸ் 2008-ல ஆடின 16 மேட்ச்லயும் தோத்த டீம். அந்த லீக்ல 16-க்கு 16 தோத்த முதல் டீம்! அதனால 2009 டிராஃப்ட்ல முதல் பிக் கிடைச்சது. அதுல வந்தவர்தான் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்ட். வந்த வருஷமே கிளீவ்லேண்ட் டீமோட நடந்த மேட்ச்ல தோள்பட்டை விலகிடுச்சு. டாக்டர்கள் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே ஓடிவந்து, கடைசி பந்தை எறிஞ்சு ஜெயிக்க வெச்சார் மனுஷன். ஸ்கோர் 38-37. அன்னிக்கே ஊர் அவரைத் தத்தெடுத்துக்கிச்சு.

அங்கே ஆடின மொத்தம் 12 சீஸன்ல 45,109 கஜம் பந்தை எறிஞ்சார். ப்ளே-ஆஃப்ல ஜெயிச்சது? பூஜ்யம். மூணு தடவை போய் மூணு தடவையும் காலி. 2020 சீஸன் முடிஞ்சதும், 'நான் வேற டீமுக்குப் போறேனே'னு அவரே கேட்டார். நிர்வாகமும் சரின்னுடுச்சு.

அப்ப ஆரம்பிச்சது ரசிகர்கள் நடுவுல ரகளை. ஒரு கோஷ்டி, 'தப்பு அவர் மேல இல்ல, டீம்தான் அவரை வீணடிச்சது. போய் நல்லா இருக்கட்டும்'னு உருகிச்சு. இன்னொரு கோஷ்டி, '33 வயசு ஆகப்போகுது, விலை இருக்கும்போதே வித்துடணும். நாலு பிக் வாங்கினா புது டீம் கட்டலாம்'னு கணக்குப் போட்டுச்சு. ரெண்டு பேரும் சொன்னதுல நியாயம் இருக்குல்ல?

அதே நேரம் லாஸ் ஏஞ்சலஸ்ல ராம்ஸ் டீம். அங்கே குவார்ட்டர்பேக் நம்ம காஃப். அவரும் லேசுப்பட்டவர் இல்லீங்க. 2016 டிராஃப்ட்ல முதல் பிக். 24 வயசுல டீமை சூப்பர் பௌலுக்கே கூட்டிட்டுப் போனவர். ஆனா 2019 பிப்ரவரியில நடந்த அந்த ஃபைனல்ல நியூ இங்கிலாந்து 13-3-னு சுருட்டிடுச்சு. இத்தனைக்கும் அதே வருஷம் அவருக்கு 13 கோடியே 40 லட்சம் டாலருக்குப் புது ஒப்பந்தம் போட்டாங்க. ரெண்டே வருஷத்துல கோச் ஷான் மெக்வேவுக்கு அலுத்துப்போச்சு. கட்டை விரல்ல ஆபரேஷன் பண்ணிக்கிட்ட காஃப், ரெண்டு வாரம்கூட முழுசா முடியறதுக்குள்ள மைதானத்துல இறங்கி ஒரு ப்ளே-ஆஃப் ஜெயிச்சுக் கொடுத்தார். ஆனாலும், 'உங்க குவார்ட்டர்பேக் இவர்தானே?'னு கேட்டதுக்கு கோச் சொன்ன பதில்ல, 'இப்போதைக்கு'னு ஒரு வார்த்தை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அந்த ஒரு வார்த்தை போதாதா பாஸ்?

2021 ஜனவரி 30. டீல் முடிஞ்சது. ஸ்டாஃபோர்ட் ராம்ஸுக்கு. பதிலுக்கு டெட்ராய்ட்டுக்கு 2022, 2023 முதல் ரவுண்ட் பிக் ரெண்டு, 2021 மூணாவது ரவுண்ட் பிக் ஒண்ணு. கூடவே, ஜாரெட் காஃப்.

அந்தக் 'கூடவே'தான் விஷயமே. காஃபோட பெரிய சம்பளத்தைத் தலையில கட்டறதுக்குத்தான் ராம்ஸ் அத்தனை பிக்கை அள்ளிக் கொடுத்ததுனு பேச்சு. அதாவது கத்திரிக்காய்க்குக் கொசுறு இல்ல, கொசுறை எடுத்துக்கிட்டதுக்கே கத்திரிக்காய் ஃப்ரீ! டெட்ராய்ட் ரசிகர்களும், 'ரெண்டு வருஷம் ஒப்பேத்தட்டும், அப்புறம் புது குவார்ட்டர்பேக் எடுத்துக்கலாம்'னுதான் பேசிக்கிட்டாங்க. அவருக்கு அப்போ வயசு 26.

முதல் வருஷம் இன்னும் மோசம். 2021 சீஸன்ல முதல் 11 மேட்ச்ல லயன்ஸ் ஒண்ணுகூட ஜெயிக்கல. ஒரு மேட்ச் டை, மீதி பத்தும் தோல்வி. அந்தப் பக்கம் ஸ்டாஃபோர்ட் போன முதல் வருஷமே, 2022 பிப்ரவரியில, சின்சினாட்டியை 23-20-ல சாய்ச்சு சூப்பர் பௌல் கப்பைத் தூக்கிட்டார். டெட்ராய்ட்ல ஜனங்க என்ன பண்ணாங்க தெரியுமா? 'டெட்ராய்ட் ராம்ஸ்'னு டி-ஷர்ட் போட்டுக்கிட்டு, போன மாப்பிள்ளைக்காகக் கை தட்டினாங்க. வீட்டுல இருக்கிற மாப்பிள்ளையை யாரும் கண்டுக்கல.

அன்னிக்கு யாரைக் கேட்டிருந்தாலும், ராம்ஸ் ஜெயிச்சாச்சு, டெட்ராய்ட்டுக்கு அல்வானு தீர்ப்பு சொல்லியிருப்பாங்க. ஆனா...

2022-ல ராம்ஸ் காயங்கள்ல சிக்கி 12 மேட்ச் தோத்தது. தோத்தா பிக் மேலே வரும்ல? அந்த பிக் இப்போ டெட்ராய்ட் கையில. 2023 டிராஃப்ட்ல ஆறாவது இடம்! லயன்ஸ் மேனேஜர் பிராட் ஹோம்ஸ் (ராம்ஸ்ல இருந்து வந்தவர்தான், அங்கே 2016-ல காஃபைத் தேர்ந்தெடுத்த குழுவுலயும் இருந்தார்) அந்த ஆறாவது இடத்தை அரிசோனாகிட்ட கொடுத்து, 12, 34-னு ரெண்டு இடமா மாத்திக்கிட்டார். 12-ல ஜமீர் கிப்ஸ்ங்கிற ஓட்டக்காரரை எடுத்தார்.

ரசிகர்கள் கொதிச்சுட்டாங்க. இந்தக் காலத்துல ஓட்டக்காரருக்குப் போய் 12-வது பிக்கானு ஒரே திட்டு. அதுக்கு முன்னாடியே இன்னொரு கடுப்பு வேற. 2022-ல 17 டச்டவுன் ஓடி, ஜாம்பவான் பேரி சாண்டர்ஸோட டீம் ரெக்கார்டையே உடைச்ச செல்லப்பிள்ளை ஜமால் வில்லியம்ஸை விட்டுட்டு, சிகாகோவுல இருந்து டேவிட் மான்ட்கோமரியைக் கொண்டுவந்திருந்தாங்க. 'சென்டிமென்டே கிடையாதா உங்களுக்கு?'னு புலம்பல்.

நடந்தது என்ன? 2023-ல கிப்ஸும் மான்ட்கோமரியும் சேர்ந்து ஓடியே 23 டச்டவுன் போட்டாங்க. 34-வது இடத்துல எடுத்த சாம் லபோர்ட்டா 86 தடவை பந்தைப் பிடிச்சு, அவர் பொசிஷன்ல புதுமுகங்களுக்கான அப்போதைய ரெக்கார்டைத் தட்டினார். இதெல்லாம் நடக்க பந்தை எறிஞ்சது யாரு? நம்ம கொசுறு! புது குவார்ட்டர்பேக் தேடறதுங்கிற பேச்சே அடங்கிப்போச்சு. லயன்ஸ் 30 வருஷத்துக்கு அப்புறம் அவங்க டிவிஷன்ல முதலிடம்.

கிளைமாக்ஸை மட்டும் சினிமாவுல வெச்சிருந்தா, ஓவரா இருக்குனு நாமே சிரிச்சிருப்போம். 2024 ஜனவரி 14. டெட்ராய்ட்ல 30 வருஷத்துல முதல் ப்ளே-ஆஃப் மேட்ச். எதிர் டீம், ராம்ஸ்! எதிர்ல ஸ்டாஃபோர்ட்! ஒரு காலத்துல அவருக்காக உயிரை விட்ட அதே ஊர், அவர் மைதானத்துக்குள்ள வந்ததும் 'பூ...'னு கத்துச்சு. காஃபுக்கு? 'ஜா-ரெட் காஃப்! ஜா-ரெட் காஃப்!'னு அரங்கமே அதிர்ந்துச்சு.

ஸ்டாஃபோர்ட் 367 கஜம் எறிஞ்சு மிரட்டினார். காஃப் எறிஞ்ச 27-ல 22 சரியா கைக்குப் போச்சு. கடைசி ரெண்டு நிமிஷம், ஒரே பாயின்ட் முன்னிலை. பந்தை ராம்ஸ்கிட்ட கொடுத்தா ஸ்டாஃபோர்ட் முடிச்சுடுவார்னு டெட்ராய்ட்டுக்குத் தெரியாதா என்ன? காஃப் பயந்து ஒதுங்காம எறிஞ்சார். அமோன்-ரா செயின்ட் பிரவுன் பிடிச்சார். 11 கஜம். ஆட்டம் ஓவர். 24-23. 1992 ஜனவரிக்கு அப்புறம் லயன்ஸுக்கு முதல் ப்ளே-ஆஃப் வெற்றி. உடை மாத்தற ரூம்ல கோச் டான் கேம்ப்பெல் மேட்ச் பந்தை காஃப் கையில கொடுத்து, டெட்ராய்ட்டுக்கு நீ போதும்னு சொன்னார். அவர் சொன்ன ஸ்டைல்ல இங்கே எழுத முடியாது, நடுவுல ஒரு கெட்ட வார்த்தை இருக்கு!

சரி, அந்த ட்ரேடுல ஜெயிச்சது யாரு? ராம்ஸுக்கு வேண்டியது உடனே ஒரு கப். கிடைச்சது. டெட்ராய்ட்டுக்கு வேண்டியது ஒரு டீம். அதுவும் கிடைச்சது. என்ன, 2024 சீஸன்ல 17-க்கு 15 ஜெயிச்சும் சூப்பர் பௌல் வாசலை மிதிக்க முடியல. ஆளுக்கு ஒரு தேவை, ஆளுக்கு ஒரு வருத்தம். முதல் நாளே மார்க் போட்ட ரசிகர்கள், ஆட்களோட பேருக்குத்தான் மார்க் போட்டாங்க.

இதுக்கு நேர் எதிர் கதையும் இருக்கு. 2022-ல டென்வர் டீம் முதல் ரவுண்ட் பிக் ரெண்டு, ரெண்டாவது ரவுண்ட் பிக் ரெண்டு, மேலும் மூணு வீரர்களைக் கொடுத்து ரஸ்ஸல் வில்சனை சியாட்டில்ல இருந்து வாங்குச்சு. ஊரே திருவிழா! அந்த வருஷம் 12 தோல்வி. 2024-ல அவரை வெளியே அனுப்பவே எட்டரைக் கோடி டாலரைச் சம்பளக் கணக்குல எழுத வேண்டியதாச்சு. அதுக்காக, கொசுறா போறவங்க எல்லாம் ஹீரோ ஆயிடுவாங்கனு நினைச்சுடாதீங்க. அந்த டீல்ல சியாட்டில் போன குவார்ட்டர்பேக் ட்ரூ லாக், அங்கே ஏற்கெனவே பெஞ்ச்ல இருந்த ஜீனோ ஸ்மித்கிட்ட இடத்தைப் பறிகொடுத்தார்.

காஃபுக்கு மட்டும் எப்படி நடந்துச்சு? மேஜிக் எல்லாம் இல்லீங்க. முதல் 11 மேட்ச்ல ஜெயிக்காதப்பவும் கோச் அவரைத் தூக்கி எறியல. முன்னாடி நின்னு காக்கிற ஆட்களையும், பந்தைப் பிடிக்கிற ஆட்களையும் வருஷா வருஷம் சேர்த்துக் கொடுத்தாங்க. அவரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காம வேலையைப் பார்த்தார். 2024 மே மாசம் அதே டெட்ராய்ட் அவர்கூட 21 கோடியே 20 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டுச்சு. கொசுறோட ரேட்டைப் பார்த்தீங்களா?

அடுத்த தடவை பேட்ச் பிரிக்கும்போது கடைசியா ஒருத்தர் மிஞ்சி நின்னா, உடனே 'உச்' கொட்டாதீங்க ஃப்ரெண்ட்ஸ். ஹெச்.ஓ.டி. சொல்றதுக்கு முன்னாடி நீங்களே கூப்பிட்டு, "உனக்கு என்ன நல்லா வரும்?"னு கேளுங்க. அந்த மிஞ்சின பார்ட்டி நீங்கதானா? அப்போ முதல் 11 மேட்சுக்கு யாரோட மூஞ்சியையும் பார்க்காதீங்க... பந்தை மட்டும் பாருங்க!