பணம் கொடுப்பவரா, பொறுப்பேற்பவரா?

மருத்துவப் பரிசோதனை என்றதும் மருந்துக் கம்பனிகளே நினைவுக்கு வருகின்றன. ஆனால் பெரிய இலாபம் தராத பழைய மருந்தொன்றை எந்தக் கம்பனி ஆராய முன்வரும்?

2020 மார்ச்சில் பிரித்தானியாவில் தொடங்கிய 'ரிக்கவரி' பரிசோதனைக்கு அனுசரணை வழங்கியது ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம். கொவிட் நோயாளர் 2104 பேருக்கு மலிவான டெக்ஸாமெதசோன் கொடுக்கப்பட்டது. 4321 பேருக்கு வழமையான சிகிச்சை மட்டுமே. யாருக்கு எது என்பதை மருத்துவரின் விருப்பமன்றி, கணினியின் எழுந்தமானத் தெரிவே தீர்மானித்தது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரிடையே மரணம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது. ஒட்சிசன் தேவைப்படாதோருக்குப் பயன் கிட்டவில்லை.

இதற்கான பணத்தில் பெரும்பங்கு அரச ஆய்வு நிதியிலிருந்து வந்தது. நோயாளரின் பாதுகாப்புக்கும் முடிவின் நேர்மைக்கும் பொறுப்பேற்றது பல்கலைக்கழகம். அனுசரணை என்பதன் பொருள் அந்தப் பொறுப்பே. அதனை ஏற்கப் பல்கலைக்கழகங்கள் தயங்கினால், மலிவான மருந்துகள் ஆராயப்படாமலே கிடக்கும். இழப்பு நோயாளருக்கே.