புதிய சாதிப் பட்டம்!

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலையில் வியர்வை சிந்திப் பெற்ற கூலியில் தலைமயிருக்கு நிறம் பூசுகிறான் இளைஞன், கானா பாடுகிறான். உடனே, "புள்ளிங்கோ!" என எள்ளி நகைக்கிறது இரசிகர் கூட்டம். நகைப்போர் யார்? நடிகரின் பதாகைக்குப் பாலூற்றும் பகுத்தறிவுச் செம்மல்கள்!

நாயகன் நிறம் பூசினால் நாகரிகம். சேரிப்பிள்ளை பூசினால் காலித்தனமா? சாலை விதியை மீறினால் தண்டிக்கட்டும். மயிரின் நிறம் எந்தச் சட்டத்தில் குற்றம்? பிள்ளைகள் என்று கானா கொஞ்சிய சொல்லை வசைச்சொல்லாக்கியது எது? சாதி ஆணவமன்றோ! அதே கானாவை 2018-இல் சாதி ஒழிப்பு முழக்கமாக்கியது 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு.

இம்மண்ணும் அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்தில்தான், 1929-இல் சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது சுயமரியாதை மாநாடு. தோழா! பிறர் தலையில் நீ சூட்டும் இப்புதுப் பட்டத்தையும் தூக்கி எறி!