உபதேசமும் மலசலகூடமும்

"உன் ஆரோக்கியம் உன் கையில்" என்னும் உபதேசம் இன்று மலிந்து கிடக்கிறது. தொலைக்காட்சியில் பேசும் கனவான்களும், சத்துமா விற்கும் வியாபாரிகளும், ஒருவேளைப் பட்டினியையும் அறியாத நண்பர்களும் இதனையே ஓதுகின்றனர். நோயாளி தன் நோயை அறிந்து தன் உடலைத் தானே ஆளவேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆளுவதற்கு வேண்டிய கருவிகளைப் பறித்து வைத்துக்கொண்டு, ஆளாதவனைக் குற்றவாளியாக்கும் போக்கையே எதிர்க்கிறோம். பதினோர் ஆண்டுகளாகக் குறோன்ஸ் நோயுடன் கிராண்ட்பாஸில் வாழ்ந்துவரும் நமக்கு இதனைக் கூற ஓரளவு உரிமையுண்டு.

1932 இல் நியூயோர்க் மவுண்ட் சைனாய் வைத்தியசாலையைச் சேர்ந்த குறோன், கின்ஸ்பேர்க், ஒப்பன்ஹைமர் ஆகிய மூவர் இந்நோயை விவரித்து எழுதினர். (1913 இலேயே கிளாஸ்கோவில் டால்சியெல் என்னும் சத்திரவைத்தியர் இத்தகைய நோயைக் கண்டெழுதியிருந்தார், புகழ் என்னவோ குறோனுக்கே போயிற்று.) உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே நெறிதவறிக் குடலைத் தாக்குகிறது. வாய் முதல் குதம் வரை எவ்விடத்தையும் பற்றலாம். பெரும்பாலும் சிறுகுடலின் கடைப்பகுதியையே பற்றும். வயிற்றுவலி, ஓயாத வயிற்றோட்டம், இரத்தசோகை, உடல் மெலிவு ஆகியன சில மாதம் அடங்கியிருந்து மீண்டும் தலைதூக்கும். இது தொற்றுநோயன்று. முற்றாக மாற்றும் மருந்து இல்லை. அடக்கிவைக்கும் மருந்துகள் உண்டு.

கொழும்பு, கம்பஹா மாவட்டங்களின் வைத்தியசாலைகளை ஆதாரமாகக் கொண்டு 2010 இல் வெளியான ஆய்வொன்று, இலட்சம் பேருக்கு 1.2 என இந்நோயின் கணக்கைக் காட்டியது. வைத்தியசாலையை எட்டாதோர் அக்கணக்கில் எவ்வாறு வருவர்? மேலும், குடற் சயரோகமும் இதே கோலத்தில் வருகிறது. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால், குறோன்ஸுக்குக் கொடுக்கும் மருந்தே சயரோகத்தை வளர்த்துவிடும்.

1956 யூன் மாதம், நமது பாராளுமன்றத்தில் தனிச் சிங்களச் சட்டம் விவாதிக்கப்பட்ட அதே நாட்களில், அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் இந்நோயின் பொருட்டுச் சத்திரசிகிச்சை பெற்றார். அவ்வாண்டு நவம்பரில் மீண்டும் ஜனாதிபதியாகத் தெரிவானார். நமக்கு அதில் பொறாமையில்லை. ஆனால் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமி இரண்டு நாள் படுத்தால், மூன்றாம் நாள் அவனுடைய இடத்தில் வேறொருவன் நிற்கிறான். நோய் ஒன்றே, வர்க்கம்தான் வேறு.

கிராண்ட்பாஸின் நெருக்கமான குடியிருப்புகளைத் 'தோட்டம்' என்கிறோம். பெயர்தான் தோட்டம், நிழலுக்கு ஒரு மரம் இராது. பல குடும்பங்களுக்குப் பொதுவாகச் சில மலசலகூடங்கள். விடியுமுன்னரே வாளியோடு வரிசை. ஒரு நாளில் பத்துத் தடவை போகவேண்டியவன் அவ்வரிசையில் எங்கே நிற்பான்? ஆகவே அவன் சாப்பாட்டைக் குறைக்கிறான். வேலைக்குப் போகும் நாளில் காலையுணவே இல்லை. "உணவில் கட்டுப்பாடு வேண்டும்" என்று உபதேசிக்கும் கனவான்களே, இந்தக் கட்டுப்பாடு போதுமா?

ஆசிரியத் தோழர்களிடமும் நமக்கு ஒரு கேள்வி உண்டு. இந்நோய் பெரும்பாலும் பதினைந்து வயதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையிலேயே வெளிப்படுகிறது. இளம்பிராயத்தில் வந்தால் வளர்ச்சி குன்றும்; பருவமடைதலும் பிந்தும். அதாவது, பாடவேளையில் மூன்றாம் தடவையாக "சேர், வெளியே போகலாமா?" என்று எழுந்து நிற்கும் அந்த மெலிந்த பையன் இந்நோயாளியாக இருக்கலாம். நாம் அவனுக்கு என்ன விடை கூறுகிறோம்? "மணியடிக்கும்வரை பொறு." வகுப்பு முழுவதும் சிரிக்கிறது. அடுத்த வாரம் அவன் பாடசாலைக்கு வருவதில்லை. இடாப்பில் சிவப்புக் கோடு விழுகிறது. சோஷலிசம் பேசும் வாயால் ஒரு குழந்தையின் குடலுக்கு நேரசூசி போடுவது எவ்வகை முற்போக்கு?

இனி மொழி. 1987 இல் செய்யப்பட்ட பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. நாம் சென்றுவந்த கிளினிக் ஒன்றிலே நமது கொப்பியில் எழுதப்பட்டது முழுவதும் ஆங்கிலம். வாய்மொழியாகச் சொல்லப்பட்டது சிங்களம். பட்டம் பெற்ற நாமே இருமுறை கேட்டோம். எழுத்தறியாத மூதாட்டி எதைக் கேட்பார்? வைத்தியம் தமிழுக்கு ஒவ்வாது என்று எவரும் சாக்குச் சொல்லவேண்டாம். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1860களிலேயே மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். உடற்கூறு, சத்திரவைத்தியம் பற்றிய நூல்களையும் தமிழில் ஆக்கினார். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் செய்ததை, ஒன்றரை நூற்றாண்டின் பின், ஒரு மருந்துத் துண்டின் அளவுக்கேனும் நாம் செய்ய இயலாதா?

ஏனெனில், அறியாதவன் ஆள முடியாது. பிரட்னிசொலோன் சில வாரங்களில் வேதனையைத் தணிக்கும். நெடுநாள் உண்டால் எலும்பை நலிவிக்கும். நெடுநாள் உண்டபின் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அசதயோப்பிரின் உண்பவர் காலந்தோறும் இரத்தம் சோதிக்கவேண்டும். புகைத்தல் இந்நோயை மோசமாக்கும். இவற்றை நோயாளி தன் மொழியில் கேட்டறிந்து, தன் கொப்பியில் தானே எழுதிவைத்து, "சயரோகம் இல்லையென்று எப்படித் தீர்மானித்தீர்கள்?" என்று வைத்தியரிடம் வினவுவதே நாம் கூறும் ஆளுகை. சில வைத்தியர்கள் முகம் சுளிப்பர், சுளிக்கட்டும்.

அறிந்தும் மருந்து இல்லையெனில்? பேராசிரியர் சேனக பிபிலே வழிகாட்ட 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. வியாபாரப் பெயர்களின் கொள்ளையைத் தடுத்து, மலிவான மருந்தை மக்களுக்குக் கொடுப்பதே அவர் நோக்கம். 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது அரச வைத்தியசாலைகளிலேயே மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அன்று மாத்திரையை இரண்டாக முறித்து உண்டவனிடம் போய், உன் ஆரோக்கியம் உன் கையில் என்று சொல்லிப் பாருங்கள்.

இலட்சத்தில் ஒருவருக்காக இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்போர் இருப்பர். பூட்டுப்போடாத மலசலகூடம் நீரிழிவு நோயாளிக்கும், கர்ப்பிணிக்கும், மாதவிலக்குற்ற மாணவிக்கும் வேண்டியதே. தமிழில் எழுதிய மருந்துத் துண்டும் அவ்வாறே. அடுத்த ஆசிரியர் சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இவ்விரண்டையும் சேர்க்குமாறு கோருகிறோம். சம்பள உயர்வுக்கு அடுத்த இடத்தில் வைத்தாலும் நமக்குச் சம்மதமே.