சித்திரக்காரரிடம் பேரமா?

பெங்களூரில் நடைபெறும் காமிக்ஸ் விழாவுக்கு நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது திரளாகப் போகிறார்கள். 2011-ல் டில்லியில் தொடங்கி, மறு ஆண்டே பெங்களூருக்கும் வந்துவிட்ட விழா இது. வேஷம் கட்டித் திரியும் இளைஞர்களையும் பொம்மைக் கடைகளையும் கண்டு, 'இது பணக்காரப் பிள்ளைகளின் கேளிக்கை' என்று பெரியவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் அரங்கின் ஒரு பக்கம் ஓவியர்கள் வரிசையாக மேஜை போட்டு அமர்ந்திருப்பதை அவர்கள் கவனிப்பதில்லை. வேண்டிய பாத்திரத்தைச் சொன்னால், கேட்டவர் கண்ணெதிரே வரைந்து கையெழுத்திட்டுத் தருவார்கள். அதற்குக் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என் மகனுடன் ஒரு முறை அந்த வரிசையில் நின்றிருந்தேன். எங்களுக்கு முன்னால் நின்றவர் நம் தமிழர்தான். பையனுக்கு இரும்புக்கை மாயாவி படம் வேண்டுமென்று, மாதிரிக்குப் பழைய முத்து காமிக்ஸ் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். ஓவியர் ஓர் இளம்பெண். ஐந்நூறு ரூபாய் என்றார். "பத்து நிமிஷ வேலைக்கு ஐந்நூறா? இருநூறு வாங்கிக்கொள்ளம்மா" என்றார் இவர். அந்தப் பெண் பதில் பேசாமல் விலைப் பலகையை அவர் பக்கம் திருப்பி வைத்தார். இவர் முணுமுணுத்தபடி நகர, பையன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். சற்று நேரம் கழித்து அதே மனிதர் ஒரு பிளாஸ்டிக் வாளை, சீட்டில் அச்சிட்டிருந்த விலைக்கே, மறுபேச்சின்றி வாங்கியதையும் பார்த்தேன்.

சித்திரக்காரர்களின் கதை நெடுங்காலமாகவே இப்படித்தான். ஜெர்ரி சீகல் எழுதி ஜோ ஷஸ்டர் வரைந்த சூப்பர்மேனின் முழு உரிமையும் 1938-ல் 130 டாலருக்குக் கைமாறியது. அந்தப் பணம் அடங்கிய காசோலைத் துண்டு 2012-ல் 1,60,000 டாலருக்கு ஏலம் போயிற்று. ஜாக் கிர்பி தம் கையால் வரைந்த மூலப் படங்களை மார்வெல் நிறுவனத்திடமிருந்து திரும்பப் பெற ஆண்டுக்கணக்கில் போராடினார். 1987-ல் அவர் கைக்கு வந்தவை சுமார் 2,000 பக்கங்களே. வரைந்ததோ பத்தாயிரத்துக்கும் மேல் என்கிறார்கள்.

பதிப்பாளருக்கு வரையும்போது கூலியை அவர் நிர்ணயிக்கிறார். இந்த மேஜையில்தான் வரைகிறவரே தம் கூலியைச் சொல்ல முடிகிறது. மேஜை வாடகை, பயணச் செலவு, தங்கும் செலவு எல்லாம் அதிலிருந்துதான். பஞ்சப்படியில் ஒரு தவணை தள்ளிப்போனால் கேட் மீட்டிங் போடுகிற நாம், ஓவர்டைமில் அரை மணி குறைந்தால் மனு எழுதுகிற நாம், இன்னொரு உழைப்பாளியின் கூலியை மட்டும் கத்தரிக்காய் விலையாக நினைக்கலாமா?

கையில் பணம் குறைவென்றால் வழியில்லாமல் இல்லை. முழு உருவத்துக்கு ஒரு விலை, முகம் மட்டும் போதுமென்றால் ஒரு விலை, வண்ணம் தீட்டினால் கூடுதல் என்று பலர் எழுதியே வைத்திருக்கிறார்கள். காலையிலேயே போய்ப் பெயர் கொடுப்பது நல்லது. மதியத்துக்குள் பட்டியல் நிரம்பிவிடும். கெட்டியான காகிதம் எடுத்துப் போகவேண்டும். சாதாரண நோட்டில் மை ஊறி அடுத்த பக்கத்தையும் கெடுத்துவிடும்.

ஓவியர்கள் பக்கமும் குறை உண்டு. 'ஊருக்குப் போய் வரைந்து அனுப்புகிறேன்' என்று முன்பணம் வாங்கிய ஒருவர் எனக்கு எட்டு மாதம் கழித்துத்தான் அனுப்பினார், அதுவும் நாலு முறை நினைவூட்டிய பிறகு. தேதி சொல்ல முடியாதவர்கள் முன்பணம் வாங்கக் கூடாது. கையில் வாங்கிக்கொண்டு வருவதே உத்தமம்.

மேல்நாட்டு ரசிகர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரே நோட்டுப் புத்தகத்தைப் பல ஓவியர்களிடமும் நீட்டி, ஒரே பாத்திரத்தை அவரவர் பாணியில் வரைந்து வாங்குவார்கள். என் மகனும் ஒரு நோட்டு தொடங்கியிருக்கிறான். ரயில்வே போர்ட்டர்தான் அவன் தேர்ந்தெடுத்த பாத்திரம். இதுவரை மூன்று போர்ட்டர்கள் சேர்ந்திருக்கிறார்கள். மூன்றாமவர் தலையில் பெட்டி இல்லை, பெட்டிமீது அமர்ந்து பயணம் செய்யும் ஒரு சூப்பரின்டென்டென்ட் இருக்கிறார். அதை ஆபீசில் காட்ட வேண்டாமென்று சொல்லி வைத்திருக்கிறேன்.